மேகம் இறங்கும்போது கடைசியாக மறைவது

ஜனவரி 9

இன்று காலை மழைமானியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் தோளில் நிலம் அளக்கும் முக்காலி. தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு முக்காலிக்காரர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, சார் சொன்ன ஜன்னல் எதும்மா?"

எந்த சார் என்று கேட்டேன்.

"நம்ம சார்தாம்மா. எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பாருங்க, மலை முதுகு இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் தெரியும், அங்க இருந்தே முளைக்கு இடம் குறிச்சுடலாம்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பிச்சாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். வீட்டுக்காரர் செய்வது வீட்டுக்காரிக்குத் தெரியாது என்று முன்பின் பார்த்திராத ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மதியத்துக்குள் மலை முதுகில் இரண்டு முளைகள் அடித்துவிட்டார்கள். தலையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அணைக்கட்டிலிருந்து நகரத்துக்கு மின்சாரம் அந்த வழியாகத்தான் போகப்போகிறதாம். முளைக்கு ஓர் இரும்புக் கோபுரம். இரண்டு முளைகளுக்கும் நடுவில் நிற்கிறது ஒற்றை மரம். கம்பிக்குக் கீழே மரம் நிற்கக் கூடாது, வெட்டிவிடுவோம் என்றார் முக்காலிக்காரர், நகம் வெட்டுவதைச் சொல்வது போல.

அந்த மரத்தை வைத்துத்தான் நான் காலையும் மாலையும் தலைமை வானிலை நிலையத்துக்குப் பார்வைத் தூரம் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மரம் தெரிந்தால் தந்தியில் ஒரு சொல், தெரியாவிட்டால் வேறொரு சொல். கீழே விமானத் திடலில் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் மலையைத் தாண்டலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

போன மழைக்கு லீவில் வந்தபோது நாள் முழுவதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, வெளியே எதையோ அளந்தீர்கள். மேகத்தை அப்படித்தான் அளப்பார்கள் என்று நான்தானே உங்களுக்குக் காட்டினேன். ஒருவழியாக இவருக்கும் மேகம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் தேநீரை அருகில் வைத்துவிட்டுப் போனேன். நீங்கள் அளந்தது மலையை.

மரத்துக்கு ஒரு வழி பிறக்கும்வரை வீட்டுக்கு வர வேண்டாம். உங்கள் கம்பளி இங்கேயே கிடக்கிறது. தபாலில் அனுப்புகிறேன்.


ஜனவரி 20

மேகக்காரிக்கு,

கம்பளியும் கடிதமும் ஒரே நாளில் வந்தன. கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் வேர்த்துவிட்டது.

ஒளிக்கவில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் நீ ஒரு மேகத்தின் பெயரைச் சொன்னாய்.

பாதையை முடிவு செய்பவன் நான் இல்லை. ஆனால் என்னைக் கேட்டிருந்தாலும் மலை முதுகைத்தான் காட்டியிருப்பேன். பள்ளத்தாக்கில் ஆறு ஒவ்வொரு மழைக்கும் படுக்கையை மாற்றிப் போட்டுக்கொள்கிறது. அந்தச் சேற்றில் கோபுரம் நிற்காது. மலை முதுகு பாறை.

என் வேலை கோபுரத்தை வரைவது. இப்போது ஆபீஸ் சுவரில் மூன்று படங்கள் தொங்குகின்றன. இடது பக்கம் இருப்பது மிகப் பழைய வடிவம். முதன்முதலில் கம்பி தாங்க இரும்புக் கோபுரம் வேண்டும் என்று கேட்டபோது, அந்த மாதிரி சட்டம் செய்து கைபழகியவர்கள் கிணற்றுக் காற்றாலை செய்கிறவர்கள்தான். அவர்கள் உச்சியில் இருந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கைகளை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் அந்தப் படத்தைப் பார்த்தால், தலையில் இருந்ததை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது. நடுவில் இருப்பது அகலக்காரன். ஒரே ஒரு நீளக் கை, ஆறு கம்பியும் அதில் வரிசையாகத் தொங்கும். ஆபீஸில் அதற்குத் துணிக்கொடி என்று பேர். உயரம் குறைவு, ஆனால் அந்த அகலத்துக்கு வழியில் இருக்கும் எல்லா மரத்தையும் வெட்ட வேண்டும். மூன்றாவது நான் வரைந்தது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று கைகள், நடுக்கை மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு கம்பி காற்றில் துள்ளினால் நேர் மேலே இருக்கும் கம்பியைத் தொட்டுவிடக் கூடாது, அதற்காக.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல ஒரு கட்டடக் கலைஞரை வரவழைத்திருக்கிறார்கள். வெயிலிலும், ஆபீஸுக்குள்ளும்கூட, குடையைக் கையில் வைத்தபடியே இருக்கிறார். குடைக்காரர் என்று கூப்பிடுகிறோம், அவர் காதில் விழாதபோது. மூன்று படத்தையும் குடை நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னுடையதில் நின்றார்.

"இதுதான். ஆனா இன்னும் தூக்கத்துல இருந்து எழுந்திரிக்காத ஆள் மாதிரி நிக்குது. தோள் எங்க இருக்கு, இடுப்பு எங்க இருக்குன்னு அதுக்கே தெரியல. எழுப்பி விடுங்க."

படத்தின் நகல் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். உனக்குக் கோபம் என்று தெரியும். இருந்தாலும் உன் ஜன்னலில் நிற்கப்போவது இதுதான். நீ பார்க்காமல் அது நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மரத்துக்காகக் கேட்டேன். பாதையில் இருக்கும் மரங்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள்.


பிப்ரவரி 2

படம் வந்தது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஜன்னல் கண்ணாடியில் பசை தடவி ஒட்டினேன். நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தி, படம் மலை முதுகில் உட்காரும் அளவுக்குத் தள்ளிப்போய், உங்களை மாதிரியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன். கோபுரத்தை இப்படி நேருக்கு நேர் யார் பார்ப்பார்கள்? கம்பியின் மேல் நடந்து வருகிறவன் பார்ப்பான். வேறு யார்?

மலை முதுகு நம் வீட்டுக்கு நேராக ஓடவில்லை, சாய்ந்து ஓடுகிறது. கம்பியும் அதோடுதான் சாய்ந்து ஓடும். எனக்குத் தெரியப்போவது உங்கள் கோபுரத்தின் முகம் இல்லை, மூலை. அப்போது முன்பக்கத்துக் குறுக்குச் சட்டங்களும் பின்பக்கத்துக் குறுக்குச் சட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். காகிதத்தில் இன்னொரு பக்கத்தையும் வரைந்து, கொஞ்சம் தள்ளி ஒட்டிப் பார்த்தேன். சிக்கெடுக்காத தலை மாதிரி இருக்கிறது. உங்கள் ஆபீஸில் எல்லாரும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் இது தோன்றவில்லை போலும்.

தம்பி மாவு மில்லை மூடிவிட்டு வந்தவன் கண்ணாடியைப் பார்த்தான். "மாமா போட்ட படமாக்கா? முன்னால இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு. மாமாவும் அப்படித்தான். பக்கவாட்டுல பாத்தாதான் தொப்பை" என்றான். சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

கீழ்த்தெருவில் வீடு வீடாகப் போய்க் கோபுரம் வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறேன். எல்லாரும் போடுகிறார்கள். கம்பி நம் தலைக்கு மேலே போகும், ஆனால் அதிலிருந்து நமக்கு ஒரு விளக்குக்கூட எரியாது என்றதும் டீக்கடைக்காரம்மா பேனாவைப் பிடுங்கி முதல் ஆளாகப் போட்டார்.

படத்தைக் கிழிக்கவில்லை. பசை காய்ந்துவிட்டது, உரிக்க வரவில்லை.


பிப்ரவரி 18

மேகக்காரிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். குடைக்காரர் தன் பழைய குடை ஒன்றைத் தியாகம் செய்தார். அதன் கம்பிகளை வெட்டி ஒரு முழ உயரத்துக்குக் கோபுரம் கட்டினோம். பக்கத்து அறை எழுத்தரின் இசைத்தட்டுப் பெட்டியைக் கடன் வாங்கி, தட்டு சுழலும் இடத்தில் அதை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக வைத்துக் கையால் மெதுவாகத் திருப்பினோம்.

நேராக நின்றபோது அழகாக இருந்தது. கொஞ்சம் திரும்பியது, குப்பை. இன்னும் கொஞ்சம் திரும்பியது, பெருங்குப்பை. எங்கள் பெரிய எஞ்சினியர் தன் கையாலேயே இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இத்தனை வருஷமா வரையறோம். ஒருத்தருக்குக்கூடத் திருப்பிப் பாக்கத் தோணலையா?"

யார் சொன்னது என்று கேட்டார். வானிலை நிலையத்திலிருந்து ஒருவர் என்றேன். உன் சொல்லுக்கு அது மரியாதை என்று நினைத்தேன். என் வீட்டில் என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

அன்றிலிருந்து சட்டங்களைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். "எடுங்க, எடுத்துக்கிட்டே போங்க, விழுந்துடும்னு நான் சொல்றப்ப நிறுத்துங்க" என்றார் பெரிய எஞ்சினியர். "நல்லா இருக்குன்னு நான் சொல்றப்ப நிறுத்துங்க" என்றார் குடைக்காரர். சின்னச் சின்னக் குறுக்குகள் போய்விட்டன. மிச்சம் இருப்பவை எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றும் கொஞ்சம் கனம். கால்கள் கீழே அகன்று, மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கி, கைகள் தொடங்கும் இடத்தில் நிமிர்கின்றன. நேற்று மாலை இருவரும் ஒரே நேரத்தில் போதும் என்றார்கள். பென்சிலைக் கீழே வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையிலேயே கண் அசந்துவிட்டேன். சுவரில் இருந்த மூன்று வகைக் கோபுரங்களும் மலையிலிருந்து இறங்கி நம் வீட்டுக்கு வருவது போல ஒரு கனவு. முன்னால் தலையைத் தேடும் காற்றாலைக்காரன், பின்னால் துணிக்கொடி, கடைசியில் என்னுடையது. கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், சத்தமே இல்லாமல் வந்தார்கள். உன் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் திரும்பி, "இப்ப சரியாம்மா?" என்று கேட்டார்கள். நீ மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு வேலைக்காகக் கேட்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. மலைக்குப் பின்னால் வானம் எப்போது எப்படி இருக்கும் என்று எழுது. மலையில் நிற்கிற கோபுரத்துக்கெல்லாம் பச்சைச் சாயம் அடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமாம். உனக்கு என்ன தோன்றுகிறது?

இரண்டு கடிதத்திலும் என்னை எப்படியும் கூப்பிடாமலே தொடங்கியிருக்கிறாய். கவனித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.


மார்ச் 3

ஐயா,

வேலைக்காகக் கேட்டதால் வேலையாகவே பதில்.

விடியும்போது வெளிச்சம் நம் வீட்டுப் பின்னாலிருந்து வந்து மலையின் மேல் நேராக விழும். அந்த நேரத்தில் மலை முதுகில் இருக்கும் எதுவும் வானத்தைவிட வெளுப்பாகத் தெரியும். நடுப்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும். மாலையில் சூரியன் மரத்துக்குப் பின்னால் போகும்போது எல்லாமே கறுப்பு. இலை பச்சையா இரும்பு பச்சையா என்று யாருக்கும் தெரியாது. மழைக்கு முந்தின மாதங்களில் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வரும். அப்போது மலை முதுகு மட்டும் மிதக்கும். அங்கே நிற்கும் எதற்கும் கால் இருக்காது. மழைக்குப் பிந்தின மாதங்களில் மேகம் மேலிருந்து இறங்கும். அப்போது தலை இருக்காது.

பச்சை வேண்டாம். உங்கள் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கப்போவது காடு இல்லை, வானம். வானத்தில் பச்சை எங்கே இருக்கிறது? பச்சை அடித்தால் மரம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும், பக்கத்தில் உண்மையான மரம் நின்று சிரிக்கும். என் மழைமானி துத்தநாகம் பூசியது. வாங்கிய வருஷம் கண்ணைப் பறித்தது. இப்போது மழை மேகத்தின் அடிவயிறு மாதிரி மங்கிவிட்டது. இரும்பின் மேல் துத்தநாகம்தானே பூசுகிறீர்கள்? அதை அப்படியே விட்டுவிடுங்கள், மழையே சாயம் அடித்துக்கொள்ளும்.

உண்மையான மரம் என்று எழுதினேன். அது இருந்தால்தானே.


மார்ச் 24

பதில் இல்லை. கையெழுத்துகளை அனுப்பினோம், அதற்கும் இல்லை. நேற்று ஆட்கள் வந்து மரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் பூசிவிட்டுப் போனார்கள். வெட்ட வேண்டிய மரத்துக்கு அப்படித்தான் அடையாளமாம்.

காலையில் மூடுபனியில் மரம் தெரியவில்லை. வளையம் மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. கண் செய்த வேலையாக இருக்கும்.


ஏப்ரல் 5

மேகக்காரிக்கு,

நான் ஆபீஸில் இல்லை, இரும்பு ஆலைக்குப் போயிருந்தேன். உன் இரண்டு கடிதங்களும் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காத்திருந்தன. மேலே இருந்ததைத்தான் முதலில் பிரித்தேன்.

பச்சை போய்விட்டது. வானத்தில் பச்சை எங்கே இருக்கிறது என்று நீ கேட்டதை அப்படியே கேட்டேன். குடைக்காரர் குடையைத் தரையில் தட்டினார். அவர் கைதட்டுவது அப்படித்தான்.

இனி மரம். உடைத்துச் சொல்கிறேன், இந்தத் தடவை எதையும் விடாமல்.

கம்பி இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் தொய்யும். உன் மரம் நிற்பது தொய்வின் நடுவில். கம்பியை மரத்துக்கு மேலே தூக்கினால் மரம் நிற்கலாம். அதற்கு ஒரே வழி, இரண்டு கோபுரங்களுக்கும் கால்களுக்கு அடியில் இன்னோர் அடுக்கு சேர்ப்பது. ஆறு குறுக்கிடும் இடங்களில் அப்படிச் செய்வோம். மலை மேல் இதுவரை செய்ததில்லை. பெரிய எஞ்சினியரிடம் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நிற்கும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வானிலைக்காரங்க கேட்டாங்கன்னா போடலாம். அந்த மரம் அவங்களுக்கு வேணும்னா அது வேலை சம்பந்தப்பட்டது. உங்க வீட்டம்மா கேட்டாங்கன்னா போட முடியாது."

இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

ஆனால் ஒன்று. இப்போது இருக்கும் உயரத்தில் வைத்தால் கோபுரத்தின் பாதி மலைத் தோளுக்குப் பின்னால் மறைந்துவிடும். கீழ்த்தெருவிலிருந்து பார்த்தால் கைகள் மட்டும்தான் தெரியும். உயர்த்தினால் அகன்ற கால்களுக்குத் தோளுக்கு முன்னால் இருக்கும் பாறையில்தான் இடம், அங்கே மறைக்க ஒன்றும் இல்லை. உன் ஜன்னல், கீழ்த்தெரு, டீக்கடை, மாவு மில், எல்லா இடத்திலிருந்தும் முழுதாகத் தெரியும். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவர் கண்ணிலும் படும்.

மரம் போனால் குட்டைக் கோபுரம். மரம் இருந்தால் நெட்டைக் கோபுரம். மூன்றாவது வழி இருந்தால் தூங்காமல் தேடியிருப்பேன், தேடினேன், இல்லை. ஆலை இந்த மாத முடிவில் இரும்பை வெட்டத் தொடங்கும். அதற்குள் நீ சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை உனக்காக நான் முடிவு செய்தது போதும்.


ஏப்ரல் 16

பென்சில்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். கோபுரம் வேண்டாம் என்று வீடு வீடாகப் போனவள் நான். இப்போது இன்னும் உயரமாக வேண்டும் என்று எந்த முகத்தோடு போவது? யாரையும் கேட்காமல் எழுதிவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தில் உங்களைக் கொஞ்சம் புரிந்துகொண்டேன். கொஞ்சம்தான்.

ஞாயிறு மதியம் எல்லாரையும் மாவு மில்லில் கூட்டினேன். தம்பி எந்திரத்தை நிறுத்தினான். நீங்கள் எழுதியதை எழுதியபடியே சொன்னேன். டீக்கடைக்காரம்மா இடுப்பில் கையை வைத்தார்.

"ஏம்மா, வேணாம்னு நாங்க போட்ட கையெழுத்தே உன் மூஞ்சிக்காகத்தான். இப்ப நீயே இன்னும் ஒரு மாடி கட்டுங்கற?"

"மரம் அவங்களுக்கு, கம்பி நமக்கா?" என்றார் தையல்காரர். "வெட்டிட்டுக் குட்டையா வெக்கச் சொல்லுங்க. நம்ம கண்ணுல படாம இருந்தா சரி."

தம்பி குறுக்கே புகுந்தான். "அண்ணே, மரம் இல்லன்னா அக்கா தந்தி குடுக்க முடியாது. தந்தி இல்லன்னா பனியில விமானம் எங்க வந்து முட்டும்னு நினைக்கிறீங்க? நேரா உங்க தையல் கடையிலதான்."

சிரித்தார்கள். ஆனாலும் யாரும் சரி என்று சொல்லவில்லை. பேசிப் பயன் இல்லை, வந்து பாருங்கள் என்று எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய புதுப் படத்தைக் குட்டையாக ஒன்றும் நெட்டையாக ஒன்றுமாக நகல் எடுத்து, சிக்கு நீங்கிய மூலைப் பார்வையில் வரைந்து, ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தேன். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள். தையல்காரர் தெரியாமல் இரண்டு கண்ணையும் மூடிவிட்டு, ஒன்றும் தெரியலையே என்றார்.

டீக்கடைக்காரம்மாதான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொடுத்தேன், அவருக்கே. குட்டையைப் பார்த்தார், நெட்டையைப் பார்த்தார், திரும்பவும் குட்டையைப் பார்த்தார்.

"குட்டையா இருக்கறது எதையோ ஒளிச்சு வெச்சுட்டு எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. எப்படியும் வரத்தான் போகுது. வர்றது முழுசா வந்து நிக்கட்டும்மா."

அதற்குப் பிறகு தையல்காரரும் தலையை ஆட்டினார். வாசலில் செருப்பைப் போடும்போது, மரத்தில் ஊஞ்சல் கட்டலாமா என்று மட்டும் கேட்டார்.

ஆகவே வானிலை நிலையம் கேட்கிறது: உயரமாக வையுங்கள்.

வீட்டம்மாவும் கேட்கிறாள். அதைப் பெரிய எஞ்சினியரிடம் சொல்ல வேண்டாம்.

டீக்கடைக்காரம்மா ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு விளக்கு எப்போது? பதிலை அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள், அவர் கண்டுபிடித்துவிடுவார்.


ஆகஸ்ட் 11

மேகக்காரிக்கு,

என்னை ஒரு பெயரால் கூப்பிட்டாய். அதைப் படித்த பிறகு மீதிக் கடிதத்தை மறுநாள்தான் படித்தேன். உயரமாகத்தான் என்று அன்றே ஆலைக்குச் சொல்லி உனக்கும் தந்தி அடித்தேன், அதற்குப் பிறகு கடிதம் எழுத ஆலை வேலை விடவில்லை.

வெள்ளை வளையத்தை அழிக்கச் சொல்லி ஆள் அனுப்பியாகிவிட்டது. அது மழையில் போவதற்கு முன்னால் அவர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.

டீக்கடைக்காரம்மாவுக்கு: இந்தக் கம்பியிலிருந்து விளக்கு எரியாது. இதில் ஓடும் வேகத்தில் தொட்டால் விளக்கு இல்லை, தெருவே எரிந்துவிடும். வேகத்தைக் குறைக்கும் நிலையம் ஒன்று அருகில் வர வேண்டும். அதிலிருந்து மரக்கம்பத்தில் சின்னக் கம்பி வரும். கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இதுதான் உண்மை, இவ்வளவுதான்.

போன வாரம் ஆலை முற்றத்தில் உன் கோபுரத்தைப் பார்த்தேன். பிரித்து அனுப்புவதற்கு முன்னால் எல்லா ஓட்டையும் பொருந்துகிறதா என்று தரையில் படுக்கவைத்தே ஒரு தடவை மாட்டிப் பார்ப்பார்கள். மழை பெய்து நின்றிருந்தது. முற்றம் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். அதன் மேல் நீளமாக, கைகளை விரித்து, ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஆலைக்காரர்கள் அதைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன்.

மூலைப் பக்கம் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சிக்கு இல்லை. உள்ளே வானம் தெரிந்தது.


நவம்பர் 14

பென்சில்காரருக்கு,

கோபுரத்தை மலை மேல் நிறுத்திவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எப்படி நிறுத்தினார்கள் என்று தெரிந்திருக்காது. கால்கள் முதலில் வந்தன. சில நாட்கள் வெறும் கால்கள் மட்டும் மலை மேல் நின்றன, எங்கேயோ போகக் கிளம்பியவர் மற்றதை எடுத்து வரத் திரும்பிப் போன மாதிரி. பிறகு அடுக்கு அடுக்காக ஏறியது. கயிற்றில் ஒரு சட்டம் ஏறும், மேலே இருப்பவர் கை நீட்டுவார், வாங்குவார், தட்டுவார். தட்டுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். கீழ்த்தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். தையல்காரர் தைத்ததையே திரும்பத் தைத்துவிட்டாராம்.

கம்பி மரத்துக்கு மேலே போகிறது. நிறைய இடம் விட்டுப் போகிறது. மரத்துக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் கோபுரம் அழகு என்று எழுத மாட்டேன். முதல் வாரம் ஜன்னல் பக்கமே போகவில்லை. துத்தநாகம் புதுசு, மாலையில் கண்ணில் குத்துகிறது. டீக்கடைக்காரம்மா அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, "பளபளப்பு அடங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார், புது மருமகளைச் சொல்வது போல. விளக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பொய் சொல்லல. அது போதும் இப்போதைக்கு" என்றார். இந்தக் கடிதத்தையும் மண்ணெண்ணெய் விளக்கில்தான் எழுதுகிறேன், மேகம் மாலையிலேயே இறங்கிவிட்டது.

எழுத உட்கார்ந்தது அதைச் சொல்லத்தான். மரத்துக்கு இரண்டே சொல்தான் தெரியும்: இருக்கிறேன், இல்லை. அதற்கு நடுவில் அது ஒன்றும் சொன்னதில்லை. கோபுரம் அப்படி இல்லை. மேகம் இறங்கத் தொடங்கியதும் முதலில் போவது மெல்லிய குறுக்குகள். அப்போது அது யாரோ பென்சிலால் ஓரத்தை மட்டும் வரைந்தது போல நிற்கும். அடுத்து மேல் கைகள் நுனியிலிருந்து கரையும். பிறகு நடுக்கை, நீளமானது. அப்புறம் தோள். இந்த வாரம் முழுவதும் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் அதே வரிசை. எது மறைந்திருக்கிறது என்று பார்த்தால் மேகம் எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம். இத்தனை வருஷமாக எனக்கு இரண்டே சொல் இருந்தது. இப்போது ஆறு இருக்கிறது. தலைமை நிலையத்துக்கு எழுதினேன், இனி மரத்தையும் கோபுரத்தையும் சேர்த்தே சொல்லச் சொல்லிவிட்டார்கள்.

மற்ற எல்லாம் போன பிறகும் கடைசியாக நிற்பது அடியில் நீங்கள் சேர்த்த அடுக்கு. மரம் போன பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கிறது.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். கம்பளியை எடுத்து வாருங்கள், இங்கே வேறு இல்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. உட்காரலாம், ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம், பென்சிலையும் நீட்டலாம். எதை அளக்கிறீர்கள் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். தேநீர் வைக்கிறேன்.

மாலைத் தந்திக்கு நேரமாகிவிட்டது. எழுந்து பார்த்தேன். மரம் தெரியவில்லை. கால்கள் தெரிகின்றன.

மேகக்காரி